உப்பில்லாக் கீரையும் ருத்ராவின் இரைச்சலும்

எங்கள் வாசக வட்டத்தின் ஐப்பசி மாதக் கூட்டம் மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டி வீடு வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் திண்ணையில் நடந்தது. எடுத்துக்கொண்ட நூல் சிறுபாணாற்றுப்படை. வாசிப்பு முடிந்து தேநீர் வந்த இடைவேளையில், வட்டத்தின் இளையவர் ஒருவர் சிங்கப்பூர் ருத்ரா குழுவின் ‘பிரம்மவித்யா: ப்ரைமார்டியல் ஐ’ என்ற தொகுப்பை மடிக்கணினியில் ஒலிக்கவிட்டார். பத்து நிமிடம் ஓடியிருக்கும். நாங்கள் பெரிதும் மதிக்கும் மூத்த தமிழறிஞர் ஒருவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். இரண்டு தீர்ப்புகள் வழங்கினார். ஒன்று, இது இசையன்று, இரைச்சல். இரண்டு, கடல் கடந்து போன தமிழ்ப் பிள்ளைகள் அங்கேயும் வடமொழியில்தான் கத்த வேண்டுமா?

அங்கே வாய் திறக்கவில்லை, வயதுக்குரிய மரியாதை. ஆனால் அவ்விரு தீர்ப்புகளும் ஐயா ஒருவருடையவை மட்டும் அல்ல. தமிழ்த்துறைகளில் பாடம் நடத்தும் எங்களைப் போன்றோர் ஆண்டு முழுதும் வகுப்பறையில் வழங்கிக்கொண்டிருப்பவை. ஆகவே இங்கே பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. சொல்லும்போது குற்றவாளிக் கூண்டில் நாமும் ஏற நேரிடும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறோம்.

முதலில் தொகுப்பைப் பற்றி. ருத்ரா 1992இல் சிங்கப்பூரில் தோன்றிய குழு. இடையில் கலைந்து மறுபடி கூடி, 1998இல் தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தொகுப்பை வெளியிட்டது. பாடுபவரும் பாஸ் கிட்டார் வாசிப்பவரும் கதிர், டிரம்ஸ் சிவா. தங்கள் இசையை அவர்கள் ‘வேதிக் மெட்டல்’ என்று அழைத்துக்கொண்டார்கள். 2005இல் வந்த ‘ப்ரைமார்டியல் ஐ’, 2009இல் வந்த ‘ட்ரான்ஸென்டென்டல் ஐ’, 2011இல் வந்த ‘இம்மார்ட்டல் ஐ’ ஆகிய மூன்றும் சேர்ந்து பிரம்மவித்யா என்னும் முத்தொகுதி. முதல் தொகுப்பின் தலைப்பில் உள்ள அந்த ஒற்றை எழுத்தை ரோமன் எண் என்று கருதி ‘பாகம் ஒன்று’ என்றே பலர் படித்தார்கள். நாங்களும் அப்படித்தான் படித்தோம். அடுத்தடுத்த இரண்டிலும் அதே எழுத்து மாறாமல் வந்தபோதுதான் அது எண்ணே இல்லை, ‘நான்’ என்ற சொல் என்பது உறைத்தது. ஆதியான நான், கடந்த நான், அழியாத நான். தலைப்பிலேயே வேதாந்தப் பாடம் தொடங்கிவிடுகிறது. ஹெவி மெட்டல் உலகில் இவ்வளவு சிந்தித்து வைத்த தலைப்புகள் அதிகமில்லை.

எங்களுக்கு இத்தொகுப்பு ஏன் பிடிக்கிறது என்பதற்குக் காரணம் தத்துவம் மட்டுமில்லை. வேத மந்திரத்தை ஓதும்போது குரல் மூன்று சுரங்களுக்குள்தான் நடமாடும். உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம். கீழே ஒரு படி, மேலே ஒரு படி, நடுவில் நிலைத்து நிற்கும் ஓர் ஒலி. டெத் மெட்டல் கிட்டாரின் பெரும்பாலான ரிஃப்களும் அப்படித்தான். தாழ்ந்த ஒரு தந்தியை விடாமல் அறைந்துகொண்டே, அதற்கு அரைச்சுரம் மேலே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். குறுகிய இடத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்து வேகத்தைத் திரட்டும் முறை இரண்டுக்கும் பொது. மந்திரமும் ரிஃப்பும் அடுத்தடுத்து வரும் இடங்களில் தைத்த தையல் தெரிவதில்லை. சினிமாப் பாட்டில் இரண்டு மாத்திரை மிருதங்கத்தைத் தூவி ‘ஃப்யூஷன்’ என்பார்களே, அந்த அலங்கார வேலை இங்கு இல்லை.

இனி முதல் தீர்ப்பு: இரைச்சல். உண்மைதான். மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த இரைச்சல் எங்கிருந்து பிறந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டாமா? பர்மிங்காம் இங்கிலாந்தின் தொழிற்சாலை நகரம். அங்கே பதினேழு வயதில் தகட்டு ஆலையில் வேலை செய்துகொண்டிருந்த டோனி அயோமியின் வலது கையில் இரண்டு விரல்களின் நுனியை எந்திரம் வெட்டிப் போட்டது. இடதுகைக்காரரான அவருக்குத் தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். இழுவை குறைந்த மெல்லிய தந்திகளைத் தேடினார். பின்னர் அவற்றின் சுருதியையும் தாழ்த்தினார். 1970இல் வெளிவந்த பிளாக் சப்பாத்தின் முதல் தொகுப்பிலிருந்து கிளைத்ததுதான் இந்த மரபு முழுதும். 1971இல் வந்த அவர்களுடைய மூன்றாம் தொகுப்பில் சுருதி தாழ்ந்து கனத்தது. ஊனப்பட்ட ஒரு தொழிலாளியின் கை, தன் வலிக்கு ஏற்ப ஓர் இசைக்கருவியை வளைத்ததன் விளைவை ‘மேற்கத்திய வீண் ஆரவாரம்’ என்று ஒரு சொல்லில் கடந்துவிடுவது அறிவுடைமையாகாது.

இதை உப்பளக் கரையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறோம். தைக்குப் பிறகு இங்கே வந்து பாருங்கள். சேற்றை மிதித்து மிதித்து இறுக்கிய பாத்தியில் உவர்நீரைத் தேக்கி, வெயில் காய்ச்சி, பூத்த உப்பைப் பலகையால் வாரிக் கரையேற்றுகிறார்கள். வெயில் ஏறினால் வெண்மை கண்ணைக் குத்தும் என்பதால் விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும். அந்த வீடுகளிலிருந்து வரும் மாணவர்கள் எங்கள் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டொருவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்பது இந்த இரைச்சலைத்தான். ‘என்னடா இது, செவிக்கு இனிமையாக ஏதாவது கேளேன்’ என்று நாங்களே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறோம். வெட்கத்தோடு நினைவுகூர்கிறோம்.

இனிமை! நம்மைக் கெடுத்த சொல் இதுதான். தமிழ் என்ற சொல்லுக்கு இனிமை, நீர்மை என்று பிங்கல நிகண்டு பொருள் சொன்னாலும் சொன்னது, அதையே மொழியின் முழு இலக்கணமாக ஆக்கிவிட்டோம். தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களை எண்ணுகிறார். மெல்லிசை வண்ணம் அவற்றுள் ஒன்று. வல்லிசை வண்ணமும் ஒன்று. உருட்டு வண்ணம், முடுகு வண்ணம் என்றும் உண்டு. பெயர்களைச் சும்மா உரக்கச் சொல்லிப் பாருங்கள். டபுள் பாஸ் டிரம்ஸின் ஓட்டத்துக்குப் பெயர் வைக்கச் சொன்னால் இதைவிடச் சிறந்த பெயர் யாருக்குத் தோன்றும்? இருபதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பத்தொன்பதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பட்டியலாக ஆக்கியவர்கள் நாம்தான்.

காரைக்கால் அம்மையார் இதே கடற்கரையில் தெற்கே உள்ள ஊரைச் சேர்ந்தவர். அழகிய உடலை உதறிப் பேயுருவம் கேட்டுப் பெற்றவர். பாட்டின் முடிவில் தம்மைக் காரைக்காற்பேய் என்றே சொல்லிக்கொள்பவர். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களில் அவர் காட்டுவது சுடுகாடு: எரியும் பிணம், நரி, வற்றிய முலையும் குழிந்த கண்ணுமாகப் பேய்மகளிர், நடுவே ஆடும் இறைவன். கொக்கரை, தக்கை, தமருகம், மத்தளம் என்று அவர் அடுக்கும் கருவிகளை ஒன்றாக முழக்கினால் என்ன கேட்கும்? வீணையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று யாரேனும் குறுக்கிடலாம். இருக்கட்டும், அந்தத் தோற்கருவிகளுக்கு நடுவே அதன் குரல் எவ்வளவு எழும்பியிருக்கும் என்பதையும் அவரே யோசித்துக்கொள்ளட்டும். நார்வேயின் இளைஞர்கள் தொண்ணூறுகளில் முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிப் பிணம்போல் வேடமிட்டு மேடை ஏறியதை உலகம் புதுமை என்று வியந்தது. அம்மையார் அதற்கு ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் முந்தியவர். அவருக்கு அது வேடமும் இல்லை.

ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியை எடுத்துக்கொள்ளுங்கள். கருணாகரத் தொண்டைமானின் படை கலிங்கத்தில் செய்த அழிவை, பசித்த பேய்களின் வாய்வழியாகவும் காளியின் கோயில் வழியாகவும் சொன்ன நூல். போர்க்களத்தில் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைக்கும் பகுதி அதன் உச்சம். நாங்கள் வகுப்பில் என்ன செய்கிறோம்? கடைதிறப்பில் இரண்டு தாழிசை, காளி கோயிலின் சிறப்பு, ஆசிரியர் வரலாறு. கூழ் அடுதல் வந்ததும் மணியைப் பார்க்கிறோம். ‘வீரச்சுவையும் அவலச்சுவையும் கலந்தது’ என்று ஒரு வரி குறிப்பெழுதச் சொல்லி முடித்துவிடுகிறோம்.

அன்று வாசித்த சிறுபாணாற்றுப்படைக்கே வருவோம். நல்லூர் நத்தத்தனார் பாடிய 269 அடிகள். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் பாட்டு. அதில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். கூட்டத்தில் அன்று பேசியது முழுக்க நெய்தல் நில வருணனை, தாழம்பூ, கடல், பரதவர் விருந்து. பாட்டின் உள்ளே இன்னோர் இடம் இருக்கிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் தன் பழைய வறுமையை நினைக்கும் இடம். கண் திறவாத குட்டிகள் பால் வற்றிய முலையைக் கவ்வ, ஈன்ற நாய் நோவு தாங்காமல் குரைக்கிறது. கூரை இற்று விழுந்த அடுக்களை. குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்புக்கூட இல்லாமல் வேகவைத்து, அண்டை அயலார் காணக்கூடாது என்று வெட்கிக் கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு உண்கிறார்கள். உப்பு விளையும் கரை வழியாகப் போகும் ஒரு பாட்டில் உப்பில்லாத கீரை! அந்த நாயின் குரலுக்கு எந்தப் பண் பொருந்தும்? சீறியாழின் இனிமையைப் பற்றி ஒரு மணிநேரம் பேசிய எங்களில் ஒருவரும் அந்தக் குரைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு தேநீர் வந்தது. கதிரின் அடித்தொண்டைக் குரல் ஒலித்தது. இரைச்சல் என்று நிறுத்தச் சொன்னோம்.

இரண்டாம் தீர்ப்பு இதைவிடச் சிக்கலானது. தமிழர்கள் ஏன் வடமொழியில் பாட வேண்டும்? இக்கேள்வியை நாங்களும் எழுப்பிக்கொண்டவர்கள்தாம். 2001இல் இக்குழு வெளியிட்ட இரண்டாம் தொகுப்பின் தலைப்பு ‘தி ஆர்யன் க்ருசேட்’. ஆரிய என்பதற்கு மேன்மையுடையோர் என்பதே பொருள் என்று விளக்கம் சொல்லலாம். அகராதியும் துணைக்கு வரும். ஆனால் சொற்கள் அகராதியில் மட்டும் வாழ்வதில்லை. கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணம் எழுதியது முதல், பெரியார் வரை, இந்தச் சொல் தமிழர் வாழ்வில் என்னென்ன பாரத்தைச் சுமந்தது என்பதைத் தமிழ் பேசும் ஒருவர் மறந்துவிட முடியாது. ஐரோப்பிய மெட்டல் உலகிலோ அச்சொல்லைக் கையில் எடுத்தவர்களுள் இனவெறியரும் உண்டு. சிலுவைப்போரைக் குறிக்கும் சொல்லோடு அதை இணைத்ததும் சேர, அந்தத் தலைப்பு பொறுப்பற்றது என்பதே எங்கள் கருத்து. ரசிகர்கள் என்பதால் இதை விழுங்கிவிட மாட்டோம்.

ஆனால் பிரம்மவித்யாவின் நிலை வேறு. இங்கே பாடுபொருள் அத்வைதம். அதன் மூல நூல்கள் வடமொழியில் உள்ளன. நம்பிக்கையோடு கற்ற ஒருவர் கற்ற மொழியில் ஓதுவதைப் பிழை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அத்வைதத்தைத் தமிழிலேயே பாடியிருக்கலாமே என்றால், பாடியிருக்கலாம்தான். தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் இருக்கிறது. தாயுமானவர் இருக்கிறார். சம்மட்டி அடி போன்ற சந்தத்தில் சடங்குகளை நொறுக்கும் சிவவாக்கியர் இருக்கிறார். மெட்டலுக்கென்றே செய்துவைத்த யாப்பு அது என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் இவற்றையெல்லாம் இளைஞர் கையில் கொண்டு சேர்த்தவர் யார்? சித்தர் பாடல்களை ‘எளிய நடை’ என்று ஒரே பத்தியில் முடித்து, கைவல்ய நவநீதத்தை மடங்களுக்கு ஒதுக்கிவிட்டு, இப்போது சிங்கப்பூரைப் பார்த்து விரல் நீட்டுகிறோம். கதிரும் சிவாவும் அந்நூல்களைப் படித்தார்களா, படித்தும் விட்டார்களா என்பதல்ல நம் விசாரணை. கொடுக்க வேண்டியவர்கள் கொடுத்தோமா என்பதே.

இத்தொகுப்பில் மொழி தொடர்பாக உண்மையான குறை ஒன்று உண்டு. அது வடமொழியன்று; ஆங்கிலம். மந்திரம் ஒலிக்கும்போது குரலும் சொல்லும் ஒன்றாகின்றன. ஆங்கிலத்துக்கு மாறியதும் அருவச் சொற்கள் வரிசைகட்டி வந்து, யாரோ உபநிடத மொழிபெயர்ப்பின் முன்னுரையைக் கர்ஜித்துக்கொண்டிருப்பதுபோல் ஆகிவிடுகிறது. அறியாமை, இருமை, உணர்வு, மாயை. ஒரு கல் இல்லை, ஒரு தீ இல்லை, ஒரு நாய்க்குட்டி இல்லை. சுடுகாட்டைக் காட்டாமல் சுடுகாட்டின் தத்துவத்தை மட்டும் சொன்னால் அச்சம் எப்படி வரும்? 2009 தொகுப்பின் ‘ஹிம்ஸ் ஃப்ரம் த ப்ளேஸிங் சாரியட்’ எங்களுக்கு இன்னும் நெருக்கமாவது அதனால்தான். தலைப்பிலாவது எரியும் தேர் ஒன்று இருக்கிறது. மூத்த நண்பர் தம் மொழிப்பற்றை இந்தப் பக்கம் திருப்பியிருந்தால் நாங்கள் அன்றே ஒப்புக்கொண்டிருப்போம். அவருக்கு ஆங்கிலம் உறுத்தவேயில்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

மறுபுறம், மெட்டல் கேட்கும் தமிழ் இளைஞர்களோடும் எங்களுக்கு ஒரு சண்டை உண்டு. ‘தமிழ் இதுக்கு செட் ஆகாது சார்’ என்று அவர்கள் சொல்கிறார்கள். எங்கே கற்றார்கள் இதை? நம்மிடம்தான், இனிமை இனிமை என்று ஓதிய வாயிடம். பிரேசிலின் செபுல்டுரா 1996இல் வந்த ‘ரூட்ஸ்’ தொகுப்புக்காக ஷவாந்தே பழங்குடியினரிடம் சென்று அவர்களோடு ஒலிப்பதிவு செய்தது. நியூசிலாந்தின் ஏலியன் வெப்பன்ரி மாவோரி மொழியில் பாடி 2018இல் ‘தூ’ என்ற தொகுப்பைத் தந்தது. மங்கோலியாவின் த ஹூ குழு குதிரைத்தலை யாழோடும் மிடற்றுப் பாட்டோடும் உலக மேடைகளில் நின்றது. இம்மொழிகளில் எதற்கும் பிறக்கும்போதே மெட்டல் ‘செட்’ ஆகியிருக்கவில்லை. அடித்தொண்டையில் உறுமும்போது உயிரெழுத்துகளின் வேறுபாடு மங்கிவிடும். வேலை செய்வது மெய்யெழுத்துகள்தாம். க்க, ட்ட, ற்ற என்று வல்லினம் இரட்டித்து மோதும் மொழி ஒன்றை வைத்துக்கொண்டு இந்தப் புகாரைச் சொல்வது வேடிக்கை. சென்னையில் 2018இல் மேடையேறிய த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மெட்டல் குழு அன்று. கானாவும் பறையும் ராப்பும் அவர்கள் வழி. ஆயினும் தமிழ் உரத்தும் கரடாகவும் மின்கிட்டாரோடு நிற்கும் என்பதைக் காதுள்ள எவரும் அங்கே கேட்டிருக்கலாம். இக்கரையின் எந்த இழவு வீட்டிலும் அதைக் கேட்கலாம். மாரில் அறைந்துகொண்டு ஒப்பாரி வைக்கும் பெண்ணின் குரல் உடையும் இடத்தில் சுருதி பார்ப்பவர் யாருமில்லை.

வெறுமனே வாதம் செய்வதோடு விட்டுவிடக் கூடாதென்று, கூட்டம் முடிந்த அடுத்த வாரம் நாங்கள் ஒரு சோதனை செய்தோம். மழைக்காலம், பாத்திகளெல்லாம் குளமாகிக் கிடந்தன. கரையில் மூடிவைத்த உப்புக் குவியல்களைத் தவிர வெண்மையே இல்லை. அதே திண்ணையில் இளைஞர்கள் இருவர் கிட்டாரோடு அமர்ந்து அம்மையாரின் பதிகத்தைப் பாட முயன்றார்கள். முதல் முயற்சி படுதோல்வி. ஓதுவார்களைக் கேட்ட பழக்கத்தில் அடியின் இறுதி உயிரை நீட்டினார்கள். ரிஃப் ஒரு பக்கம் போயிற்று, சொல் ஒரு பக்கம் போயிற்று. நாங்கள் மேசையைத் தட்டிக்கொண்டு ஆலோசனை சொன்னோம். அதில் ஒன்றும் பயன்படவில்லை. அவர்களே கண்டுபிடித்தார்கள். நீட்டலை அறவே விட்டுவிட்டு, எதுகை விழும் எழுத்தில் தந்தியை அறையத் தொடங்கினார்கள். சீருக்குச் சீர் கிட்டாரும் சொல்லும் ஒரே இடத்தில் மோதின. நாற்பது வினாடி இருக்கலாம். திண்ணையில் இருந்த ஒருவரும் பேசவில்லை. பிறகு மின்சாரம் போய்விட்டது.

ஐயாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னோம். பதிகத்தைப் பாழாக்கினீர்களா என்று கேட்டார். வந்து கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றோம். கார்த்திகைக் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கலிங்கத்துப்பரணியில் கூழ் அடுதல் முழுவதையும் வாசிப்பதாக முடிவு.